கைகாட்டி சொன்ன காரணங்கள்

"சரிப்பா, நீங்களே சொல்லுங்க. அந்த ஊருக்கு நாங்க எதுக்கு வரணும்? பார்க்க என்ன இருக்கு?"

மகள் போனில் இப்படிக் கேட்பாள் என்று கைகாட்டி எதிர்பார்க்கவில்லை. மென்று விழுங்கினார். தெரிந்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அதே கேள்விக்குப் பதில் சொல்லித்தானே மனிதர் இத்தனை காலம் வீட்டில் அடுப்பெரித்தார்! மேல்மாடி திறந்த சுற்றுலா பஸ்ஸில் மைக்கைப் பிடித்து நின்றுகொண்டு, எந்தெந்த தேசத்திலிருந்தோ வந்து இறங்கியவர்களுக்கெல்லாம் இந்த மாநகரத்துக்கு ஏன் வர வேண்டும், வந்தால் எதைப் பார்க்காமல் போகக் கூடாது என்று தொண்டை வறளச் சொன்னவர் அவர். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததுபோல், பெற்ற பெண் கேட்டதும் விழுந்துவிட்டார்.

விஷயம் பெரிதொன்றும் இல்லை. கடல் தாண்டி வேறொரு தேசத்தில் இருக்கும் மகளுக்கு நீண்ட விடுமுறை வருகிறது. மாப்பிள்ளை மலைக்குப் போகலாம் என்கிறார். பேத்தி கடற்கரைக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். கைகாட்டிக்கோ அவர்கள் இங்கே வர வேண்டும். மனைவி கண்ணை மூடியபோது வந்து போன மகள் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பேத்தி வளர்வதை அவர் போன் திரையில் மட்டும் பார்க்கிறார். இந்த முறையும் வராவிட்டால் அடுத்து எப்போதோ. தனக்கும் வயதாகிறது என்ற பயம் சமீபத்தில்தான் அவருக்கு வந்திருந்தது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்வாரா? "வர்றதா இருந்தா இங்க வாங்க" என்றார், ஏதோ வாடகைக்கு வீடு காட்டுகிறவர் மாதிரி.

"அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன்ப்பா. அன்னைக்கு முடிவு பண்ணி டிக்கெட் போட்டுடுவோம்" என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

கைகாட்டி என்பது தாய் தகப்பன் வைத்த பெயர் இல்லை. அவருடைய பஸ்ஸை ஓட்டிய டிரைவர் வைத்தது. அந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. பஸ் முன்னால் போகும். பேசுகிறவர் பயணிகளைப் பார்த்து, போகும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அவருடைய இடது பயணிகளுக்கு வலது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது உறைக்கவில்லை. "உங்கள் இடது பக்கம் பாருங்கள், அரசர்கள் வாழ்ந்த அரண்மனை!" என்று கையை உயர்த்தாமல் கம்பீரமாகச் சொன்னார். மொத்தப் பேரும் இடது பக்கம் திரும்பினார்கள். அங்கே ஒரு சலவைக்கடை இருந்தது. கம்பியில் யாருடைய ஜமுக்காளமோ காய்ந்துகொண்டிருந்தது. ஒருவர் அதைப் பயபக்தியோடு படமும் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் சிரித்த சிரிப்பில் பஸ் நடைபாதையில் ஏறப் பார்த்தது. "யோவ், நீ வாயால சொல்லாத, கையைக் காட்டு. கைகாட்டி மரம் மாதிரி நில்லு, போதும்" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு அவர் வலது கையைத் தூக்கிக்கொண்டே "இடது" என்று சொல்லப் பழகினார். அந்தப் பழக்கம் எலும்பில் ஏறிவிட்டது. பஸ்ஸைவிட்டு இறங்கினாலும் அவர் இடது என்றால் வலது, வலது என்றால் இடது. அவரிடம் வழி கேட்டு வீடு போய்ச் சேராதவர்கள் அந்தத் தெருவிலேயே பலர்.

கல்யாணமே இதனால் கெட்டுப்போயிருக்கும்.

பஸ் புறப்படும் இடத்தில் டிக்கெட் கூண்டு ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பெண். கண்ணாடியில் இருந்த வட்டமான ஓட்டை வழியாகத்தான் பேச முடியும். அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளிருந்தே ஊரை விற்கும் வாய் அவளுக்கு. "மேல் மாடி நிரம்பிடுச்சு, கீழ உக்காருங்க, காத்து கம்மி, ஆனா முடி கலையாது" என்று சொல்லிக் கீழ்மாடிச் சீட்டுகளையும் நிரப்பிவிடுவாள். கைகாட்டிக்கு அவள் மேல் ஒரு கண். பல நாள் தயங்கி, ஒரு நாள் ஓட்டையில் வாயை வைத்து, "லீவு நாள்ல பூங்காவுக்கு வர்றீங்களா? கேட்டுக்குள்ள நுழைஞ்சதும் இடது பக்கம், நீரூற்றுக்குப் பக்கத்துல பெஞ்சு" என்றார்.

அன்றைக்கு மட்டும் அவர் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தார். முதல் நாளே பூங்காவுக்குப் போய், வாசலில் நின்று, எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று யோசித்து, எது நிஜமான இடது என்று உறுதி செய்துகொண்டுதான் சொன்னார். அவளுக்கு அது தெரியுமா? கைகாட்டியின் இடது என்றால் நம்முடைய வலது என்று கணக்குப் போட்டு, அவள் நேராக வலது பக்கத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். நடுவில் நீரூற்று ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி அடித்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள். மத்தியானம் போய்ச் சாயங்காலம் ஆயிற்று. இருவரும் மனதுக்குள் ஒருவரையொருவர் திட்டித் தீர்த்தார்கள். கடைசியில் தோட்டக்காரர் வந்து குழாயை மூடினார். தண்ணீர் இறங்கியது. எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இடது பக்கம்னுதானே சொன்னேன்?"

"நீங்க இடதுன்னா வலதுன்னு ஊருக்கே தெரியும். இன்னைக்கு மட்டும் யார் உங்களை ஒழுங்கா சொல்லச் சொன்னது?"

அந்தக் கோபத்திலேயே பேச்சு ஆரம்பித்து, கல்யாணத்தில் முடிந்தது.

பிறகு ஒவ்வொரு முறையும் பஸ் பூங்காவைத் தாண்டும்போது கைகாட்டி இதைப் பயணிகளுக்குச் சொல்வார். தன் கதை என்று சொல்ல மாட்டார். "இந்த ஊரில் ஒரு வழிகாட்டி இருந்தான், ஒரு டிக்கெட்காரி இருந்தாள்" என்றுதான் ஆரம்பிப்பார். தண்ணீர் இறங்கும் இடத்துக்கு வந்ததும் மேல்மாடி முழுக்கக் கை தட்டும். "தேடி வந்தவரைத் தண்ணீருக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும் கடைசியில் காட்டிக்கொடுத்துவிடும் ஊர் இது. அதனால் வர வேண்டும்" என்று முடிப்பார்.

கம்பெனி அவருக்கு அச்சடித்த தாள் ஒன்று கொடுத்திருந்தது. கோபுரம் எத்தனை உயரம், பாலத்தை எந்த ஆண்டு கட்டினார்கள் என்று அதில் இருக்கும். அதை மனப்பாடம் செய்தார், கொஞ்ச நாள் ஒப்பித்தார், பிறகு கைவிட்டார். உயரத்தைக் கேட்டுவிட்டு யாரும் ஊருக்கு வருவதில்லை என்பது அவர் கட்சி. படியேறி வரும் ஆட்களை ஒரு பார்வை பார்ப்பார். ஆளுக்கு ஒரு காரணம் தானாக வரும். வாய்க்கு வாய் சண்டை போட்டுக்கொண்டு ஏறிய தம்பதியிடம் பழைய பாலத்தைக் காட்டுவார்: "அதில் நடைபாதை குறுகல். தோள் இடிக்காமல் இருவர் நடக்கவே முடியாது. கோபமாக ஏறியவர்கள் அந்தக் கரையில் கோபமாக இறங்கியதை நான் பார்த்ததில்லை." மழை பெய்து முகம் சுளித்தவர்களிடம், "வெயிலில் வந்தவன் கூட்டத்தைத்தான் பார்ப்பான், ஊரைப் பார்ப்பவன் மழையில் வந்தவன்" என்பார். கடிகாரக் கோபுரம் வந்தால், "அந்தக் கடிகாரம் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் ஓடும். இந்த ஊரில் யாரும் தாமதமாக வந்ததாக நிரூபிக்கவே முடியாது" என்பார். இதில் பாதி நிஜம், பாதி அவர் கைச்சரக்கு. எது எந்தப் பாதி என்று அவருக்கே மறந்துவிட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்தால் மனிதர் வாயில்லாப் பூச்சி.

தொண்டைதான் அந்தத் தொழிலுக்கு அவர் போட்ட முதல். முதலைக் கரைக்கக் கூடாது அல்லவா? கதவைத் திறந்து உள்ளே வந்ததும் உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பார். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் சாய்வார். பிறகு எல்லாம் கை ஜாடைதான். கட்டை விரல் உயர்ந்தால் தண்ணீர். உள்ளங்கை தாழ்ந்தால் ரேடியோவைக் குறை. இரண்டு விரல் ஆடினால் சாப்பாடு வேண்டாம், வயிறு சரியில்லை. மகளுக்கு மனைவிதான் மொழிபெயர்ப்பாளர். "பஸ்ல பேசினா சம்பளம் வரும். இங்க பேசினா என் வாயிலேருந்து நாலு பதில்தான் வரும். அதான் உங்கப்பா கணக்கா இருக்காரு" என்று மனைவி கிண்டல் செய்வாள். அவர் அதற்கும் ஒரு கையை அசைப்பார். லீவு நாள் என்றால் ஜன்னல் திரையைக்கூட விலக்க விட மாட்டார். நாள் முழுக்க மிட்டாய் விற்கிறவன் வீட்டுக்கு வந்து மிட்டாயைத் தொடுவானா? ஊர் என்ற சொல்லையே அன்றைக்கு யாரும் எடுக்கக் கூடாது.

இதை அவர் வேடிக்கையாகத்தான் நினைத்திருந்தார். டிப்போவில் சொல்லிச் சிரித்தும் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காரணம் தேட வேண்டும். வேலையை விட்டு வந்தபின் அவர் பஸ் பக்கமே போனதில்லை. இப்போது சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கிளம்பினார். டிக்கெட் கூண்டு இருந்த இடத்தில் ஒரு மெஷின் நின்றது. தொட்டால் டிக்கெட் துப்பியது. கண்ணாடி இல்லை, வட்ட ஓட்டை இல்லை, "முடி கலையாது" என்று சொல்ல ஆள் இல்லை. கைகாட்டி மெஷின் முன்னாலேயே நின்றுவிட்டார். மனைவி போய் வருஷக்கணக்கில் ஆயிற்று, வீட்டில் அவள் இல்லாதது பழகிவிட்டது. இங்கே அவள் இல்லாதது பழகவில்லை. பின்னால் முதுகுப்பையோடு நின்ற ஒருவர், "ஐயா, எடுத்துட்டீங்களா?" என்று கேட்ட பிறகுதான் நகர்ந்தார்.

பழைய டிரைவர் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்தோடு அவருக்கும் ஓய்வு. கைகாட்டியைப் பார்த்ததும் ஸ்டீயரிங்கை விட்டு இரண்டு கையையும் தூக்கினார். "அடேயப்பா, யாரு இது? வழி தவறி வந்துட்டியா, இல்ல நீயே உனக்கு வழி சொல்லிக்கிட்டியா?"

மேல்மாடியில் இப்போது மைக் இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் காதில் மாட்டும் குழாய். வேண்டிய மொழியைத் திருப்பி வைத்தால் ஒரு பெண் குரல் பேசும். கைகாட்டி மாட்டிக்கொண்டார். நல்ல குரல், பிசிறே இல்லை. "உங்கள் வலது பக்கம் அரண்மனை" என்றது. அவர் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினார். சலவைக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை வந்திருந்தது. கோபுரத்தின் உயரத்தைச் சொன்னது. பாலத்தின் நீளத்தைச் சொன்னது. பூங்கா வந்ததும் எத்தனை வகை மரங்கள் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. சுற்றிலும் பார்த்தார். ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். அவருக்கு எழுந்து நின்று பேச வேண்டும்போல் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, புதிதாக வந்திருப்பவற்றை மட்டும் மனதில் வாங்கிக்கொண்டார். ராட்சத ராட்டினம். ஆற்றுக்கு மேல் கண்ணாடி நடைபாலம். கோபுரத்துக்கு லிப்ட். மீன் காட்சிச் சாலையில் தலைக்கு மேலே நீந்தும் சுறா.

சுற்று முடிந்து டிரைவரோடு டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னார்.

"கூப்பிட்டியா?" என்றார் டிரைவர்.

"கூப்பிட்டேனே."

"என்னன்னு கூப்பிட்ட?"

"வர்றதா இருந்தா வான்னு."

"இதுக்குப் பேரு கூப்பிடறதா? கல்யாண வீட்ல வேண்டாதவனுக்குப் பத்திரிகை வைக்கிற மாதிரி. யோவ், அது உன் பொண்ணுய்யா. டூரிஸ்டு இல்ல."

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு. இதெல்லாம் உனக்குத் தெரியாது" என்று கைகாட்டி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நல்லது சொன்னால் யாருக்குப் பிடிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தார். போன் அடித்ததும் எடுத்து, எழுந்து நின்று, சுவரைப் பார்த்து, போனை மைக் மாதிரி வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். குரலைக் கனைத்தார். அந்தப் பழைய குரல் எங்கிருந்தோ வந்துவிட்டது.

"இந்த ஊருக்கு ஏன் வர வேண்டும்? முதலில், உலகத்தில் எத்தனையோ ஆறுகள் ஊருக்கு வெளியே ஓடுகின்றன. இந்த ஊரில் ஆறு வீட்டு வாசல் வழியாக ஓடுகிறது..."

அவர் ராட்டினத்தைச் சொன்னார். அதன் உச்சியில் ஒரு நிமிஷம் நிறுத்துவார்கள், பேத்திக்குப் பிடிக்கும் என்றார். மாப்பிள்ளைக்குக் கண்ணாடிப் பாலம். சுறா மீனைக் கொஞ்சம் பெரிதாகவே நீந்தவிட்டார். வேர்த்துக் கொட்டியது. இடையில் ஒரு மூச்சு விட்டு, "அப்புறம் நம்ம கடிகாரக் கோபுரம். நீ ஏறி எவ்வளவு காலமாச்சு! இப்ப லிப்ட் போட்டிருக்கான் பாப்பா, காலே வலிக்காது" என்றார்.

"நான் அதுல ஏறினதே இல்லையேப்பா."

"என்னது?"

"கோபுரத்துல. ஏறினது இல்ல. அரண்மனை உள்ள போனதில்ல. படகுல போனதில்ல. அந்த ஊர்ல பொறந்து வளர்ந்தேனே தவிர எதையும் பார்த்ததில்ல."

"என்ன விளையாடுறியா? நம்ம ஊர்க்காரி..."

"யாருப்பா கூட்டிட்டுப் போனாங்க? அம்மாவுக்குக் கவுன்ட்டர். உங்களுக்கு பஸ். லீவு அன்னைக்கு நீங்க திரையைப் போட்டுட்டு உக்காந்துருவீங்க. கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டா இப்படி ஒரு கை ஆட்டுவீங்க. அம்மா, 'விடு, அப்பா தொண்டை பாவம்'னு சொல்லுவாங்க."

கைகாட்டி மெதுவாக உட்கார்ந்தார். இந்தச் செய்தி அவருக்குப் புதிது. வந்தவன் போனவனுக்கெல்லாம் கோபுரத்தைக் காட்டியவர், தன் பெண்ணும் எப்போதோ ஏறியிருப்பாள் என்று ஒரு நினைப்பில் காலத்தை ஓட்டிவிட்டார். ஊரிலேயே இருப்பவளுக்கு ஊர் எங்கே போய்விடும் என்று நினைத்தாரா? அப்படிக்கூட நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

"ஒரு தடவை உங்க பஸ்ல வந்திருக்கேன்" என்றாள் மகள்.

"என் பஸ்லயா? எப்போ?"

"ஸ்கூல் சீக்கிரம் விட்ட ஒரு நாள். வீட்டுச் சாவி வாங்க அம்மாகிட்ட போனேன். உங்க பஸ் கிளம்பிட்டு இருந்துச்சு. அம்மாதான் ஏத்திவிட்டாங்க. நான் கீழ்மாடியில உக்காந்தேன். நீங்க மேல இருந்தீங்க. கீழ ஸ்பீக்கர்ல உங்க குரல் வந்துச்சு. அப்பாவுக்கு இவ்வளவு பேச வருமான்னு இருந்துச்சு. நீங்க ஜோக் சொல்றீங்க, மேல எல்லாரும் சிரிக்கிறாங்க. பூங்கா வந்ததும் ஒரு கதை சொன்னீங்களே, நீரூத்துக் கதை. டிக்கெட்காரின்னதும் எனக்குப் புரிஞ்சு போச்சு. அம்மாவும் நீங்களும் எப்படிப் பழகினீங்கன்னு எனக்கு அந்த ஸ்பீக்கர் சொல்லித்தான் தெரியும்ப்பா."

"மேல வந்திருக்கலாமேடா" என்றார் கைகாட்டி.

"வரலாம்னுதான் படிக்கட்டு வரைக்கும் வந்தேன். என்னைப் பார்த்தா பேச்சை நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. திரும்பப் போய் உக்காந்துட்டேன்."

கைகாட்டி எத்தனையோ சுற்றுகள் போயிருக்கிறார், எந்தச் சுற்றில் தன் காலுக்குக் கீழே மகள் உட்கார்ந்திருந்தாள் என்று அவருக்குத் தெரியாது. அன்று மழையா வெயிலா, அவர் நன்றாகப் பேசினாரா, இல்லை களைத்துப்போய் ஒப்பித்தாரா, எதுவும் தெரியாது. படிக்கட்டில் ஏறி வரும் ஒவ்வொரு ஆளையும் பார்த்தவுடன் எடைபோடும் மனிதர், படிக்கட்டு வரை வந்து திரும்பிய ஒரு ஆளைப் பார்க்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. அழவும் செய்தார், ஆனால் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டார்.

"அப்பா? இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கை ஆட்டுறீங்களா அங்க? எனக்குத் தெரியாதுப்பா, இது வீடியோ கால் இல்ல."

அவருக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. தாயின் வாய் அப்படியே மகளுக்கு வந்திருக்கிறது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பாப்பா, சுறா மீனெல்லாம் அவ்வளவு பெருசு இல்ல. ராட்டினத்துக்கு நிக்கிற வரிசையில கால் ஒடிஞ்சு போயிடும். கண்ணாடிப் பாலம் எனக்கே தலை சுத்துச்சு."

"அப்ப?"

"எனக்கு உன்னைப் பார்க்கணும் போல இருக்கு. வேற காரணம் ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் பின்னால் பேத்தி ஏதோ கேட்பதும், மகள் "சும்மா இரு" என்பதும் கேட்டது.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னப்பா? மலையும் கடலும் எங்க போயிடப் போகுது" என்றாள் மகள். "வர்றோம். ஆனா வீட்ல உப்புத் தண்ணி கொப்பளிச்சுட்டு ஜாடை காட்டினீங்கன்னா அடுத்த பிளைட்ல திரும்பிடுவேன், சொல்லிட்டேன்."

வந்தார்கள். அந்த நாட்களைப் பற்றிச் சொல்வதென்றால் ஒரே வரியில் சொல்லலாம்: கைகாட்டி வாயை மூடவில்லை. விமான நிலையத்தில் ஆரம்பித்தவர், டாக்சியில், மாடிப்படியில், சாப்பாட்டு மேஜையில் எல்லாம் பேசினார். கோபுரத்தில் ஏறினார்கள். அவருக்கும் அதுதான் முதல் தடவை. பயணிகளை ஏற்றிவிட்டுக் கீழே டீ குடிப்பதுதான் அவர் வழக்கம். மாப்பிள்ளை மரியாதைக்குத் தலையாட்டி, மூன்றாம் நாள் முதல் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பேத்திக்கும் ராட்டினம் முடிந்ததோடு ஊர் முடிந்துவிட்டது. மகள் மட்டும் அலுக்கவில்லை. அவர் கதையை இழுத்தால், கூடவே "ம்... ம்..." என்று உம் கொட்டிக்கொண்டு நடந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், மூவரும் கடைத்தெருவிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பழைய மஞ்சள் கட்டடத்துக்கு எதிரே கைகாட்டி நின்றார். சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், வரிசையாக ஜன்னல்கள், வாசலில் ஓர் ஆம்புலன்ஸ். எந்தச் சுற்றுலாத் தாளிலும் இல்லாத கட்டடம். அவரும் ஒரு நாளும் மைக்கில் சொன்னதில்லை.

"தாத்தா, இதுல பார்க்க என்ன இருக்கு? இது வெறும் ஆஸ்பத்திரி" என்றாள் பேத்தி.

"இங்கதான் உங்கம்மா பொறந்தா."

"சரி, பார்த்தாச்சு. போலாமா? எனக்குக் கால் வலிக்குது. தாத்தா பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாரும்மா."

"அதோ அந்தக் கடையில ஜூஸ் வாங்கிட்டு அங்கயே உக்காரு" என்று மகள் பணத்தைக் கொடுத்து அவளை அனுப்பினாள். "அவரு பேசட்டும். எனக்குக் கேக்கணும்."

கைகாட்டி கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"அன்னைக்கு பஸ் முழுக்க ஆள். பாதிச் சுற்றுல டிரைவர் கூப்பிட்டு, உன் சம்சாரத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்களாம்னு சொன்னான். நான் இறங்கி ஓடுறேங்கறேன். இருய்யான்னுட்டு, அவன் பாட்டுக்கு ரூட்டை விட்டுட்டு பஸ்ஸை இந்தத் தெருவுக்குள்ள திருப்பிட்டான். அவ்வளவு பெரிய பஸ், இந்தச் சந்து. இதோ, இந்த இடத்துலதான் நிறுத்தினான். இது எந்த அரண்மனைன்னு மேலேருந்து ஒருத்தர் கேக்கறார். என் வீட்டுக்காரி உள்ள இருக்கான்னேன். ஓடினேன். நர்ஸ் உன்னைத் துணியில சுத்திக் கொண்டாந்து கையில கொடுத்தா. பாத்தேன், நீ கண்ணைத் திறந்து... திரும்பி வெளிய வந்தா, யாரும் இறங்கிப் போகல பாப்பா. எந்தெந்த ஊர்க்காரங்களோ. மேல்மாடியில அத்தனை பேரும் எழுந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. எல்லாரும் என் வாயையே பாக்கறாங்க. நான் படியேறி மைக்கை எடுத்தேன்..."

அவருக்கு அதற்கு மேல் வரவில்லை. பழக்கத்தில் கை மேலே எழும்பியது.

மகள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ம்... அப்புறம்ப்பா?" என்றாள்.